கேள்வி கேட்காத கடை: கணினி விற்கும் இணையத்தளங்களின் பயன்பாட்டு எளிமையை மதிப்பிடுவது எப்படி?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் மடிக்கணினி வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் இரண்டு கேள்விதான் கேட்பார். "என்ன வேலைக்கு? எவ்வளவுக்குள்ள பார்க்கிறீங்க?" வாங்க வந்தவருக்கு ப்ராசசரும் தெரிய வேண்டாம், ரேமும் தெரிய வேண்டாம். "பையன் படிவம் நான்கு, பள்ளி வேலைக்கு, இரண்டாயிரம் வெள்ளிக்குள்ள" என்று சொன்னால் போதும். மூன்று மாடல்களை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். அவர் எடுத்து வைத்தது சரியா தவறா என்பது வேறு விஷயம். தேவையைக் கேட்டு, அதற்கேற்ற பொருளைக் காட்டும் வேலையை அங்கே ஒரு மனிதர் செய்கிறார்.

இணையக் கடையில் அந்த மனிதர் இல்லை. அவர் செய்த வேலை முழுவதையும் திரையில் உள்ள பக்கம் செய்ய வேண்டும். பக்கம் செய்யாவிட்டால் அது வாங்குபவர் தலையில் விழுகிறது. கணினி விற்கும் தளம் ஒன்றை மதிப்பிட உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கணினியைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவர் தனக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து, ஏமாறாமல் வாங்கி முடிக்க இந்தத் தளம் உதவுகிறதா? வண்ணம் எப்படி, படம் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அப்புறம்.

கல்லூரியில் இதை ஆய்வுப் பாடமாக எடுத்திருக்கும் மாணவர்களையும், சொந்தமாக ஒரு தளம் திறந்து கணினி விற்க நினைக்கும் சிறு கடைக்காரர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முன்னறிவு எதுவும் தேவையில்லை.

யூசபிலிட்டி என்று துறையில் சொல்லும் இந்தப் பயன்பாட்டு எளிமைக்கு ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேசத் தரநிலை ஒரு வரையறை தருகிறது. 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்டது. அதன் சாரம் இது: குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, குறிப்பிட்ட சூழலில் ஒன்றைப் பயன்படுத்தும்போது, நினைத்ததைச் சரியாக முடிக்கிறார்களா, அதற்கு எவ்வளவு நேரமும் சிரமமும் ஆகிறது, முடித்தபின் மனநிறைவு இருக்கிறதா.

அந்த மூன்று 'குறிப்பிட்ட'களையும் அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். "இந்தத் தளம் எளிமையானது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. கேமிங் கணினியைத் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டும் கெப்போங் இளைஞருக்கு ஒரு தளம் வெகு வசதியாக இருக்கலாம். அதே தளத்தில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பேரனுக்கு மடிக்கணினி தேடினால் பத்து நிமிடத்தில் சோர்ந்து மூடிவிடலாம். யாருக்கு, எதற்கு, எங்கே உட்கார்ந்துகொண்டு என்று முடிவு செய்யாமல் தொடங்கும் மதிப்பீடு அப்புறம் வெறும் அபிப்பிராயமாகத்தான் போய் நிற்கும்.

சரி, கணினிக்கு மட்டும் அப்படி என்ன தனிச் சிக்கல்? சட்டை விற்கும் தளத்தில் படமும் அளவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கணினியில் படம் கிட்டத்தட்ட ஒன்றும் சொல்லாது. வெள்ளி நிறத்தில் பத்து மடிக்கணினிகள், பத்தும் ஒரே மாதிரி. வித்தியாசம் முழுவதும் கீழே உள்ள எழுத்திலும் எண்ணிலும் இருக்கிறது. அந்த எண்களோ தெரிந்தவருக்கு மட்டுமே பேசும்.

ஒரு சோதனையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஓர் அக்கா. மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. 2,500 ரிங்கிட்டுக்குள் ஒரு மடிக்கணினி, தினமும் தூக்கிக்கொண்டு போக வேண்டும், நாலு வருஷம் உழைக்க வேண்டும். தேவை தெளிவாகத்தான் இருந்தது. கைப்பேசியில் தளத்தைத் திறந்தார். பட்டியலைச் சுருக்க உதவும் வடிகட்டியில் விலை, பிராண்ட், ப்ராசசர், ரேம், திரை அளவு என்று இருந்தன. எடை இல்லை. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் இல்லை. அவருக்கு வேண்டிய இரண்டைப் பற்றியும் தளம் கேட்கவே இல்லை. தெரியாத மூன்றைப் பற்றிக் கேட்டது.

அடுத்து, இரண்டு மாடல்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். சேமிப்பிடம் ஒன்றில் 512 ஜிபி என்றும் மற்றதில் 1 டிபி என்றும் இருந்தது. "512 உள்ளதையே எடுத்துக்கலாம் தம்பி, இது ஒண்ணுதானே" என்றார். ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி என்று அவருக்கு யார் சொல்வது? அதற்குள் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த 1 டிபி பழைய வகை ஹார்ட் டிஸ்க், 512 அதைவிட வேகமான எஸ்எஸ்டி. ஆக, தவறான காரணத்துக்காக அவர் சரியான பெட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தார். முடிவை மட்டும் பார்த்தால் சோதனை வெற்றி. பக்கத்தில் இருந்து கேட்டால் மட்டுமே, தளம் அவருக்கு எதையும் புரியவைக்கவில்லை என்பது தெரியும்.

பிறகு ஒரு மாடலைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்செல்லும் பொத்தானை அழுத்தினார். தேர்ந்தெடுத்து வைத்திருந்த விலை வரம்பும் பிராண்டும் அழிந்துபோய், பட்டியலின் உச்சிக்கே வந்து நின்றார். திரும்ப எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தார். விலைக்கு இழுக்கும் பட்டை ஒன்று இருந்தது. விரலால் இழுத்தால் 2,380இல் நிற்கும், இல்லாவிட்டால் 2,640க்குப் போகும். 2,500இல் நிறுத்த முடியவில்லை. ஒரு எண்ணைத் தட்டச்சு செய்யும் கட்டம் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும். இரண்டாம் முறையும் பின்பொத்தானை அழுத்தி எல்லாம் அழிந்தபோது அவர் தளத்தைக் குறை சொல்லவில்லை. "எனக்கு இதெல்லாம் வராது தம்பி" என்றார். இந்த வேலையில் எனக்கு மிகவும் மனம் கனக்கும் இடம் இதுதான். தளத்தின் குறைக்கு மக்கள் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். அதனால்தான் "எப்படி இருந்தது?" என்று பிறகு கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றே பதில் வரும். கேட்பதை நம்பாமல் செய்வதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

மதிப்பிடும் வழிகள் பல இருந்தாலும் தொடங்குபவருக்கு இரண்டு போதும். ஒன்று, பயனர் யாரும் இல்லாமல் நீங்களே விதிகளை வைத்துத் தளத்தைச் சோதிப்பது. மற்றது, பயனரை உட்காரவைத்துப் பார்ப்பது.

முதல் வழியை இத்துறை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990இல் முன்வைத்தார்கள். நீல்சன் 1994இல் திருத்தித் தந்த பத்து விதிகள்தாம் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. பத்தையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. கணினிக் கடைக்கு உயிர்நாடியானவை என்று நான் நினைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

தளத்தின் பேச்சு பயனரின் பேச்சாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. "16 ஜிபி ரேம்" என்பதற்குப் பக்கத்தில் "பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு" என்ற ஒரு வரி இருந்தால் அந்த அக்காவுக்கு வழி கிடைத்திருக்கும். பயனரின் நினைவாற்றலுக்குச் சுமை ஏற்றக் கூடாது என்பது இன்னொன்று. மூன்று மாடல்களின் விவரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் ஒப்பிட முடியாது. பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணை வேண்டும். வேறுபடும் வரிகளை மட்டும் காட்டும் வசதி அதில் இருந்தால் இன்னும் நல்லது. அட்டவணை இருந்தும் பயனில்லாமல் போவது ஒரே தகவலை மூன்று விதமாக எழுதும்போதுதான். ஒரு மாடலில் "16 ஜிபி", அடுத்ததில் "8 ஜிபி இரண்டு", மூன்றாவதில் "போர்டிலேயே பொருத்தியது" என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? அதிலும், போர்டிலேயே பற்றவைத்த ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. நாலு வருஷம் உழைக்க வேண்டும் என்பவருக்கு அது பெரிய செய்தி. பல பக்கங்களில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தவறு நடந்தபின் சிவப்பு எழுத்தில் திட்டுவதைவிட, நடக்காமலே தடுப்பது மேல் என்ற விதி, பாகங்களாக விற்கும் தளங்களுக்கு மிக முக்கியம். ப்ராசசரைப் பொருத்த ஏஎம்5 வகை சாக்கெட் உள்ள மதர்போர்டு (பாகங்களைப் பூட்டும் அடிப்பலகை) டிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்கும். டிடிஆர்4 ரேமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் அது உள்ளேயே நுழையாது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஒருவர் பணம் கட்டப் போகிறார் என்றால், தளத்துக்கு அது தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தால், அந்தப் பார்சல் வீட்டுக்கு வந்து, திரும்பிப் போய், இரண்டு தரப்புக்கும் நஷ்டம். "இவை இரண்டும் பொருந்தாது" என்ற ஒரு வரி போதும்.

அப்புறம், வடிகட்டிய பிறகு "0 பொருள்கள்" என்று காட்டிவிட்டு நிற்கும் பக்கம். எந்த நிபந்தனையைத் தளர்த்தினால் பொருள் கிடைக்கும் என்று சொல்லாமல் விடுவது, கடைக்காரர் கையை விரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குச் சமம்.

இந்த விதிச் சோதனையைத் தனியாகச் செய்யாதீர்கள். மூன்று முதல் ஐந்து பேர் தனித்தனியாகப் பார்த்து, பிறகு பட்டியல்களைச் சேர்ப்பதே முறை. ஒருவர் கண்ணில் படுவது இன்னொருவர் கண்ணில் படாது.

இனி இரண்டாவது வழி. எல்லாம் நீங்கள் கொடுக்கும் பணியைப் பொறுத்தது. "வடிகட்டியைப் பயன்படுத்தி 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியைக் கூடையில் சேருங்கள்" என்று எழுதினால் வழியை நீங்களே காட்டிக் கொடுத்துவிட்டீர்கள். வடிகட்டி என்று ஒன்று இருப்பதை அவராகக் கண்டுபிடிக்கிறாரா என்பதே நமக்குத் தெரிய வேண்டியது. "உங்கள் மகள் பல்கலைக்கழகம் போகிறாள். 2,500 ரிங்கிட் இருக்கிறது. அவளுக்கு ஒரு மடிக்கணினி தேர்ந்தெடுங்கள், பணம் கட்டும் பக்கம் வரை போங்கள்" என்று வாழ்க்கையில் வருவது போலவே கொடுங்கள். திரையில் உள்ள சொல் எதுவும் பணியில் வரக் கூடாது.

செய்யும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் இந்த முறையை இடைமுக வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார். பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். வேறு ஏதாவது தளத்தில் ஒரு சிறு ஒத்திகை பார்த்தால் பழகிவிடும். அவர் எந்த மொழியில் யோசிக்கிறாரோ அந்த மொழியிலேயே பேசட்டும். நம் ஊர்க்காரர்கள் தமிழில் தொடங்கி, மலாயில் விலை சொல்லி, ஆங்கிலத்தில் முடிப்பார்கள். திருத்தாதீர்கள், அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. கேட்க எளிது, செய்யக் கடினம். ஒருவர் கண்முன்னே பொத்தானைத் தேடித் தவிக்கும்போது "கீழே பாருங்க அக்கா" என்று சொல்ல நாக்கு துடிக்கும். வீட்டில் அவர் தனியாக இருக்கும்போது யார் சொல்வார்? "இதை அழுத்தலாமா?" என்று கேட்டால், "நான் இல்லாவிட்டால் என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். தொடங்கும் முன்பே, சோதிப்பது தளத்தைத்தான், உங்களை அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதை ஒருமுறைக்கு இருமுறை சொல்வதில் தப்பில்லை.

எத்தனை பேரை அழைப்பது? நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காட்டுச் சிக்கல்களை வெளிக்கொண்டுவருகிறார். ஐந்து பேர் வந்தால் ஏறக்குறைய 85 விழுக்காடு. இந்த 'ஐந்து' மாணவர்களிடையே மந்திரம் போல ஆகிவிட்டது. அந்தக் கணக்கு ஒரே மாதிரிப் பயனர்களுக்கு மட்டுமே பொருந்தும். பெற்றோரும் கேமிங் இளைஞர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால் இரு தரப்பிலும் ஆள் வேண்டும். பதினைந்து பேரை ஒரே தடவையாகக் கூப்பிடுவதைவிட, ஐந்து பேரை வைத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி ஐந்து பேரை வைத்துப் பார்ப்பது நல்ல பலன் தரும்.

மனநிறைவை எண்ணாக்க வேண்டுமென்றால் எஸ்யூஎஸ் என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை பதில். ஒற்றைப்படைக் கேள்விகள் நல்ல விதமாகவும், இரட்டைப்படைக் கேள்விகள் குறையாகவும் எழுதப்பட்டிருக்கும். ஒற்றைப்படையில் பதிலிலிருந்து 1ஐக் கழியுங்கள். இரட்டைப்படையில் 5இலிருந்து பதிலைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்குங்கள். ஒருவர் ஒற்றைப்படைக் கேள்விகளுக்கு 4, 4, 3, 4, 4 என்று குறித்தால் 14 கிடைக்கும். இரட்டைப்படைக்கு 2, 3, 2, 2, 3 என்றால் 13. மொத்தம் 27, மதிப்பெண் 67.5. இது விழுக்காடு அல்ல. பல ஆய்வுகளின் சராசரியே 68 அளவில் இருப்பதால், இந்தத் தளம் ஏறக்குறைய நடுத்தரம். எங்கே கோளாறு என்பதை இந்த எண் சொல்லாது. அதற்கு உங்கள் குறிப்பேடுதான் துணை.

நம் நாட்டுச் சூழல் தனியாகக் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டுப் பாடப்புத்தகப் பட்டியலில் இது இருக்காது. பணம் கட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டும் எஃப்பிஎக்ஸ் முறையைத் தேர்ந்தெடுத்தால் வாங்குபவர் கடையை விட்டு வங்கியின் பக்கத்துக்குப் போகிறார், அங்கிருந்து வங்கிச் செயலியைத் திறந்து ஒப்புதல் தருகிறார், பிறகு கடைக்குத் திரும்ப வேண்டும். ஒரே கைப்பேசியில் இவ்வளவு தாவல். திரும்பி வந்ததும் பக்கம் வெறுமையாக நின்றால், பணம் போனதா இல்லையா என்று நெஞ்சு படபடக்கும். 2,500 ரிங்கிட் என்பது பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளம். "கட்டணம் கிடைத்தது, உங்கள் ஆர்டர் எண் இது" என்ற இரண்டு வரி உடனே வர வேண்டும். ஏதோ காரணத்தால் தாமதம் என்றால் "இரண்டாம் முறை கட்ட வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்.

அனுப்பும் செலவு இன்னொன்று. தீபகற்பத்துக்கு இலவசம் என்று மேலே பெரிதாகப் போட்டுவிட்டு, சபா, சரவாக் முகவரிக்கான கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் காட்டுவது. உத்தரவாதமும் அப்படித்தான். "2 வருட வாரண்டி" என்றால் தருவது யார், தயாரிப்பாளரா கடையா? பழுதானால் வீட்டுக்கு வருவார்களா, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் போக வேண்டுமா? இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வதையே ஒரு சோதனைப் பணியாக வைக்கலாம்.

இதில் சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. மின்வணிகத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் 2012இல் இயற்றப்பட்டு, 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருந்தன. 2024இல் அவற்றின் இடத்தில் புதிய விதிமுறைகள் வந்தன. விற்பவரின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்த முழு விலை, கட்டண முறை, நிபந்தனைகள், பொருள் வந்துசேரும் உத்தேச நாள் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். ஆர்டரை உறுதி செய்யும் முன் தவறைத் திருத்திக்கொள்ள வசதியும் தர வேண்டும். நீல்சனின் விதிகளோடு இதையும் சேர்த்து ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தால் உங்கள் அறிக்கைக்குக் கனம் கூடும்.

கட்டாயப் பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பெரிய இணையக் கடை ஒன்றில், பணம் கட்டும் முன் கணக்குத் தொடங்கச் சொல்லும் பொத்தானை எடுத்துவிட்டு, "தொடர்க" என்ற பொத்தானையும், கணக்கு இல்லாமலே வாங்கலாம் என்ற குறிப்பையும் வைத்தார்கள். முதல் ஆண்டில் மட்டும் 300 மில்லியன் டாலர் கூடுதல் வருமானம் வந்ததாகப் பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேரட் ஸ்பூல் 2009இல் எழுதினார். பெயரும் முகவரியும் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். கடவுச்சொல்லைப் பொருள் கையில் கிடைத்த பிறகு கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்ததை எழுதும்போது ஒவ்வொரு சிக்கலுக்கும் 0 முதல் 4 வரை கடுமை எண் போடுங்கள். 0 என்றால் சிக்கலே இல்லை, 4 என்றால் திருத்தாமல் தளத்தைத் திறக்கவே கூடாது. எத்தனை பேருக்கு வந்தது, வந்தால் எவ்வளவு தடுக்கிறது, ஒருமுறை தெரிந்துகொண்டால் தாண்டிவிடலாமா, திரும்பத் திரும்பத் தொல்லை தருமா என்ற மூன்றையும் வைத்து எண்ணை முடிவு செய்யுங்கள். "வடிகட்டி சரியில்லை" என்று எழுதினால் தளம் கட்டுபவருக்கு ஒன்றும் புரியாது. "பொருள் பக்கத்திலிருந்து பின்பொத்தானை அழுத்தினால் விலை வரம்பும் பிராண்டும் அழிகின்றன, ஐவரில் நால்வருக்கு நடந்தது, இருவர் அத்தோடு தேடலைக் கைவிட்டனர், கடுமை 4" என்ற அளவில் எழுதுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் அவர் சொன்ன சொல்லையும் அப்படியே சேருங்கள். அட்டவணையைவிட அந்த ஒரு வரிதான் முதலாளியை அசைக்கும்.

பணம் கட்டும் பாதையில் உள்ள 4களை முதலில் திருத்தச் சொல்லுங்கள், பிறகு தேடலும் ஒப்பீடும், நிறமும் எழுத்துருவும் கடைசியில். அதிலும் ஒன்று விதிவிலக்கு. வெளிர் சாம்பல் எழுத்தில் பொருள் விவரத்தை அச்சிட்டிருந்தால் அதை அழகுக் கணக்கில் தள்ளிவிடாதீர்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் விதி. பார்வை மங்கிய ஒருவருக்கு அது வாங்குவதற்கும் வாங்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

திருத்தி முடித்தபின், முதல் சுற்றில் வந்தவர்களை மறுபடி அழைக்காதீர்கள். அவர்களுக்குத் தளம் பழகிப் போயிருக்கும், தடுக்கும் இடங்களையும் தாண்டிவிடுவார்கள். அந்தத் தளத்தை இதற்கு முன் பார்த்திராத ஐந்து பேரைத் தேடிப் பிடித்து, அதே பணியைக் கொடுங்கள்.